பெயிண்டைச் சுரண்டிய கதை

கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. நாங்கள் தயாரிப்பது இபிஏபிஎக்ஸ், அதாவது ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச். லாட்ஜ், மில், மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் தொங்குமே, அந்தத் தந்தநிறப் பெட்டி. வெளியிலிருந்து வரும் 4 ட்ரங்க் லைனும் உள்ளே அறைகளுக்குப் போகும் 24 எக்ஸ்டென்ஷனும் உள்ள மாடல்தான் அதிகம் விற்கும். பாதுகாப்பு பற்றி யாராவது கேட்டால், "இத்தனை வருடத்தில் யாருக்காவது ஷாக் அடித்திருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பதே எங்கள் வழக்கமான பதில்.

2017 செப்டம்பரில் இந்தியத் தந்தி விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. தொலைத்தொடர்புக் கருவி எதுவாக இருந்தாலும், விற்பதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடத்தில் சோதித்து, டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்திடம் சான்றிதழ் பெற வேண்டும். அந்த மையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை வைத்து டெக் சான்றிதழ் என்பார்கள். அமலுக்கு வரும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம். கடைசியில் 2019 அக்டோபர் 1 என்று உறுதியானது. முதல் கட்டப் பட்டியலிலேயே மோடம், ஃபேக்ஸ், கார்டுலெஸ் போன் ஆகியவற்றோடு இபிஏபிஎக்ஸும் இருந்தது. அந்த ஆண்டு சித்திரையில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீயே போய் முடித்துக்கொண்டு வந்துவிடு" என்றார். ஒரு வாரத்தில் முடியும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது.

பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு பெங்களூருவில் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போனேன். முதலில் மின்காந்த உமிழ்வுச் சோதனை, அதாவது பெட்டி தன்னிடமிருந்து எவ்வளவு ரேடியோ அலையை வெளியே விடுகிறது என்று பார்ப்பது. எதிரொலி இல்லாத அறை ஒன்று. சுவரெல்லாம் கூம்பு கூம்பாகப் பஞ்சு. நடுவில் சுழலும் மேசை, அதன் மேல் எங்கள் பெட்டி. 24 எக்ஸ்டென்ஷன் கம்பிகளும் ஜடை ஜடையாகத் தொங்குகின்றன. எதிரே ஒரு ஆன்டெனா ஏறி இறங்குகிறது. கதவைச் சாத்திவிட்டு வெளியே திரையைப் பார்த்தால், பசும்புல் தரை மாதிரி போய்க்கொண்டிருந்த கோட்டில் ஓரிடத்தில் மட்டும் பனைமரம் நின்றது. 163.84 மெகாஹெர்ட்ஸ், வரம்பைவிட 6 டெசிபெல் மேலே. போர்டுக்குத் தாளம் போடும் கிளாக் 16.384 மெகாஹெர்ட்ஸ். பத்தால் பெருக்கிப் பார்த்தேன், கணக்குச் சரியாக வந்தது. எங்கள் பெட்டி, தன் கிளாக்கின் பத்தாவது மடங்கை இரும்புக் கூட்டையும் மீறி ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

கம்பிகளில் இந்த மாதிரி அலைகளை அடக்கும் ஃபெரைட் வளையங்களை மாட்டினேன். 2 டெசிபெல் இறங்கியது. கிளாக் தடத்தின் தொடக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். இன்னும் 1 இறங்கியது. அறை வாடகையோ மணிக்கணக்கு. அங்கிருந்த டெக்னீஷியன் வயதானவர், ஓசூர்க்காரர். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மல்டிமீட்டரை நீட்டி, "சார், மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார். வைத்துப் பார்த்தேன். தொடர்பே இல்லை. நான்கு திருகுகள் போட்டு இறுக்கிய மூடி, மின்சாரத்தின் கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. காரணம் பவுடர் கோட்டிங் பெயிண்ட். உள்ளும் புறமும், விளிம்பிலும், திருகுத் துளையிலும் ஒரே சீராக அடித்திருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. விளிம்பு நெடுகிலும் இருந்த அந்த மெல்லிய பெயிண்ட் இடைவெளியே ஒரு ஆன்டெனாவாகிவிட்டது.

உப்புத்தாளை வாங்கி, தரையில் உட்கார்ந்து, திருகு உட்காரும் நான்கு இடங்களிலும் பெயிண்டைச் சுரண்டினேன். பனைமரம் வரம்புக்குக் கீழே போய்ப் புல்லோடு புல்லாகிவிட்டது.

செய்தியைச் சொன்னபோது முதலாளிக்குச் சந்தோஷத்தைவிட வருத்தமே அதிகம். "அந்தப் பெயிண்டைப் பார்த்துத்தானே தம்பி வாங்குகிறார்கள்?" என்றார். உள்பக்கம்தான் சுரண்டினேன், வெளியே தெரியாது என்று சமாதானப்படுத்தினேன்.

அடுத்து மின் பாதுகாப்பு. ஐஎஸ் 13252 என்பது அப்போது அதற்கான இந்தியத் தரநிலை. அதைப் படிக்கும்வரை எனக்கு உறைக்காத விஷயம் ஒன்று உண்டு. பாதுகாப்பு என்றால் பெட்டியைத் தொடும் வரவேற்பாளரைப் பற்றித்தான் எல்லோரும் நினைப்போம். தரநிலை கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனையும் நினைக்கிறது. எங்கள் பெட்டியில் 230 வோல்ட் எங்காவது கசிந்து ட்ரங்க் லைனுக்குள் புகுந்தால், அது கட்டடத்தை விட்டு வெளியேறி, ஒரு கிலோமீட்டர் தள்ளி வெறுங்கையோடு கம்பியைச் சீவிக்கொண்டிருப்பவரிடம் போய் நிற்கும். லைனில் வழக்கமாக இருக்கும் 48 வோல்ட்டும், மணி அடிக்கும்போது வரும் 75 வோல்ட் அளவிலான மின்சாரமும் அவருக்குப் பழகியவை. மெயின்ஸ், அதாவது அந்த 230 வோல்ட், அப்படியல்ல. இதைப் படித்த பிறகு, "யாருக்காவது ஷாக் அடித்திருக்கிறதா" என்ற எங்கள் பழைய பதிலைச் சொல்லக் கூச்சமாகிவிட்டது. அடித்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மெயின்ஸ் பக்கத்துக்கும் லைன் பக்கத்துக்கும் நடுவே 3000 வோல்ட்டை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தாங்கியது. நான் மூச்சுவிடுவதற்குள் அங்கிருந்த பெண் பொறியாளர் ஒருவர் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு வந்து, மெயின்ஸைக் குறைந்த வோல்ட்டாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் போர்டில் இரண்டு தடங்களுக்கு இடையே அளந்தார். பரப்பின் வழியாக 5 மில்லிமீட்டர் வேண்டும், இருந்தது 3.8. "3000 வோல்ட்டையே தாங்கிவிட்டதே மேடம்" என்றேன். "இன்று தாங்கியது. மில்லில் பத்து வருடம் பஞ்சுத்தூசியும் ஈரமும் படிந்த பிறகு?" என்றார். மில்லுக்கு விற்பவன் நான், பஞ்சுத்தூசியைப் பற்றி அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போர்டில் ஒரு பிளவு வெட்டித் தூரத்தைக் கூட்டினோம்.

எர்த் தொடர்புச் சோதனைக்கு வேறொரு பெட்டியைக் கொடுத்திருந்தேன். தடை 0.1 ஓமுக்கு மேல் போகக் கூடாது. வந்தது 0.34. எர்த் போல்ட்டின் வாஷருக்கு அடியில் அதே பெயிண்ட்! மறுபடியும் உப்புத்தாள்.

இடி மின்னலை நடித்துக்காட்டும் சர்ஜ் சோதனையிலும் எர்த்தே காலை வாரியது. ட்ரங்க் லைன் வந்து சேரும் கார்டில், மின்னலின் அடியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப் நல்லதாகத்தான் போட்டிருந்தோம். அதிலிருந்து எர்த்துக்குப் போகும் தடம் மட்டும் தலைமுடி போல் மெலிதாக இருந்தது. முதல் அடியிலேயே 'டப்' என்று ஆவியாகிவிட்டது. ஒவ்வொரு கோடை மழைக்கும் வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து கருகித் திரும்பி வரும் கார்டுகளில் இதே இடம்தான் கருகியிருக்கும். "அங்கே மின்னல் அதிகம்" என்று சொல்லி, காசு வாங்கிக்கொண்டு புதுக் கார்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். தடத்தை அகலப்படுத்தியதும் தாங்கிவிட்டது.

லேபிளிலும் ஒரு கூத்து. வோல்ட், ஆம்பியர் அச்சிட்ட ஸ்டிக்கரைத் தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி தேய்ப்பார்கள். எங்கள் ஸ்டிக்கரில் பத்தாவது விநாடியிலேயே நிறுவனத்தின் பெயர் துணிக்கு மாறிவிட்டது.

காகித வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமைதான் வேண்டும். இணையதளத்தில் பதிவு செய்து, உதிரிப்பாகப் பட்டியல் முழுவதையும் ஏற்ற வேண்டும். ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள நிறுவனப் பெயரும் சோதனை அறிக்கையில் உள்ள பெயரும் ஒரு புள்ளி மாறாமல் இருப்பது நல்லது. எங்களுடையதில் ஒரு புள்ளி மாறியிருந்தது, மூன்று வாரம் போனது. ஒரே குடும்பத்து மாடல்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எல்லா கார்டும் செருகிய பெரிய பெட்டியை முதன்மை மாடலாகக் காட்டி, சிறியவற்றை அதன் கீழ் சேர்த்துவிடலாம். புதிதாகப் போகிறவர்கள் பெரிய பெட்டியையே சோதனைக்குக் கொண்டுபோங்கள். நான் முதல் தடவை சுமக்கச் சோம்பல்பட்டுச் சிறியதைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் கடைசியில் சான்றிதழ் வந்தது. ஐந்து ஆண்டு செல்லும் என்று இருந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். அடுத்த மாதம் பொள்ளாச்சி டீலரிடமிருந்து போன் வந்தது. கொஞ்சம் கோபமாக இருந்தார். புதிதாக வந்த பத்துப் பெட்டிகளிலும் மூடியின் உள்பக்கம் நான்கு இடங்களில் பெயிண்ட் இல்லையாம், தரம் குறைந்துவிட்டதாம். "பரவாயில்லை, கடைப் பையனை விட்டு அதே நிறத்தில் டச்சப் அடிக்கச் சொல்லிவிட்டேன்" என்றார். உப்புத்தாளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அன்று மதியமே பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.