கோடைக்கு முன் ஏசியைக் கவனியுங்கள்

அக்கினி நட்சத்திரம் மே மாதத்தில்தான் வருகிறது என்றாலும், சென்னையில் ஏசி பராமரிப்புக்கு ஆள் அழைக்க உகந்த காலம் பிப்ரவரியே. ஏப்ரலில் அழைத்தால் அவர் வருவதற்குள் பாதிக் கோடை கழிந்துவிடும். உட்புறப் பெட்டியின் ஃபில்டரைக் கழற்றிக் குழாய்நீரில் கழுவி நிழலில் உலர்த்துவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கேஸ் பற்றி. குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவதால், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை; அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். ஆகவே ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று சொல்பவரிடம், முதலில் அழுத்தத்தை அளந்து காட்டுமாறும், கசிவை அடைத்த பிறகே நிரப்புமாறும் தயங்காமல் கேளுங்கள். புதிய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், இது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் வெளிப்புறப் பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மிதமான நீரோட்டத்தில் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும். வடிகுழாயில் பாசி அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.