மொய் நோட்டில் வந்த போடிக்காரர்

நாங்கள் மதுரைக்கு எப்போது வந்தோம் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் "பஞ்சத்துல வந்தோம்" என்பார்கள். எந்தப் பஞ்சம் என்றால் அப்பத்தாவுக்குத் தாது வருடத்துப் பஞ்சம்தான். அது 1876–78, அப்போது என் பூட்டன் பிறந்திருக்கவே மாட்டார்.

சரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 1950 வரைக்கும் வீடு வீடாக எழுதிய தாள்களையே திறந்து வைத்திருக்கிறார்கள், தாத்தா பெயரைப் போட்டுத் தேடலாம். இங்கே அது நடக்காது. 1948ஆம் வருடத்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அந்தத் தாள்களை யாரும் பார்க்கக் கூடாது என்கிறது. நமக்குக் கிடைப்பது ஊர்க்கணக்கு மட்டும், எத்தனை வீடு, எத்தனை பேர் என்று. அந்த ஊரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. எங்கள் பூர்வீகம் திருப்புவனம் பக்கம். 1901 புத்தகத்தில் அது மதுரை ஜில்லா, 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்ததால் 1911இல் அங்கே போய்விட்டது, 1985இல் பசும்பொன் மாவட்டம், இப்போது சிவகங்கை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நான் பல நாள் தப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வருடம் கடைசியில் பத்திரத்தில் கிடைத்தது. நிலத்தை அடமானம் வைத்த 1924ஆம் வருடப் பத்திரத்தில் பூட்டன் சொந்த ஊரில்தான் குடியிருக்கிறார். அதே நிலத்தை விற்ற 1929 பத்திரத்தில் "தற்காலம் மதுரை டவுனில் குடியிருக்கும்" என்று இருக்கிறது. அந்தத் 'தற்காலம்' என்ற சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார் போல. வந்து சேர்ந்தது ஹார்வி பஞ்சு மில்லுக்கு, குடியிருந்தது மேலப்பொன்னகரத்தில் ஒரு ஒற்றை அறையில். அப்புறம் கணக்கெடுப்புக்குத் திரும்பி வந்தேன். மதுரை நகரத்தில் 1921இல் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் பேர், 1931இல் சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். கூடின அந்த 43 ஆயிரத்துக்குள் என் பூட்டன் ஒருவர், பூட்டி ஒருவர், கைக்குழந்தையாக இருந்த தாத்தா ஒருவர். பெயர் இல்லாவிட்டாலும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் பெரியத்தை கல்யாணத்து மொய் நோட்டு கிடைத்தது, 1974. எல்லாரும் இரண்டு, ஐந்து என்று எழுதியிருக்க, போடியிலிருந்து ஒருவர் 25 ரூபாய் எழுதியிருக்கிறார். இவ்வளவு செய்கிறவர் நெருங்கின சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். அப்பத்தாவைக் கேட்டால், "உங்க தாத்தாவுக்குத்தான் தெரியும், சிலோன்காரர்னு சொல்வாக."

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பழைய செய்தித்தாள்களில் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். குடும்பத்தைத் தேடுகிறவர்கள் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு இதைத்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் கீழே மகன், மகள், மருமகன் எல்லார் பெயரோடும் ஊரும் இருக்கும். 1979ஆம் வருடத்துச் செய்தித்தாளில் கிடைத்தார். பிறந்த ஊர் எங்கள் ஊர், சகோதரர் என்று போட்டிருந்தது என் பூட்டன் பெயர். பிள்ளைகள் இரண்டு பேர் போடி, ஒருவர் இலங்கையில் ஹட்டன். அண்ணன் மில்லுக்கு வந்த காலத்தில் தம்பி தனுஷ்கோடியில் கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் ஒருவராகப் போடியில் குடியேறி, அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு வந்து 25 ரூபாய் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவுக வீட்டு விசேஷத்துக்கு நாம திருப்பிச் செஞ்சமான்னு பாரு" என்றார். மற்ற நோட்டுகளையும் தேடினோம், செய்ததாக எங்கேயும் இல்லை. அடுத்த மாதம் போடிக்குப் போகிறோம், அப்பத்தாவும் வருகிறார்.