மடிப்பு பிரிக்காத பேன்ட்

மே 26
பள்ளி திறக்கப் போகிறது. மதுரை குன்னத்தூர் சத்திரத்தில் எங்கள் தையல் கடை வரிசை முழுக்கச் சீருடைத் துணிதான். பையன்கள் பேன்ட்டில் காலுக்குள் ரெண்டு இஞ்சு மடித்துத்தான் தைப்பேன், வளர வளரப் பிரித்துவிடலாம். தெருக்காரத் தங்கச்சி மகனுடைய பேன்ட்டை ஆல்டரேஷனுக்குக் கொண்டுவந்தது. போன வருஷ மடிப்பு அப்படியே இருக்கிறது. "இனிமே வளர மாட்டானாண்ணே? இவன் அக்கா வயசுக்கு வந்து ரெண்டு வருஷத்துல நின்னுட்டா" என்றது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்குதான். பையன்கள் 16, 17 வரை போவார்கள், சிலர் அதற்கு மேலும். இவனுக்குப் பதினேழு முடியப்போகிறது. காவலர் வேலைதான் குறி. அங்கே இவன் சமூகப் பிரிவுக்கு உயரம் 170 செ.மீ. வேண்டும். ஆள் 168.

மே 29
"மாமா, 169 வந்துட்டேன்!" காலையில் எழுந்ததும் அளந்திருக்கிறான். சாயங்காலம் கடைச் சுவரில் வெறுங்காலோடு நிறுத்தினேன், அதே 168. படுத்து எழுந்தால் முதுகெலும்புத் தட்டுகள் உப்பியிருக்கும், பகலில் அமுங்கிவிடும். தினமும் அளப்பது வெட்டி வேலை. ஆறு மாதம் விட்டு, அதே நேரத்தில் அளக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் அநேகமாக முடிந்தது. ஷூ சைஸ் மாறாததை வைத்துச் சொல்ல முடியாது, பாதம் முன்னாலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒன்று. சட்டை உயரம் போன வருஷத்தைவிட அரை இஞ்சு கூடியிருக்கிறது. கால் நின்ற பிறகும் முதுகு கொஞ்ச நாள் வளரும்.

ஜூன் 3
எலும்பு டாக்டர் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். படத்தைக் கடை டியூப் லைட்டில் தூக்கிப் பார்த்தோம். வளரும் பிள்ளைக்கு எலும்பு முனையில் குருத்தெலும்பு கறுப்புக் கோடாகத் தெரியுமாம். இவன் விரல்களில் கோடே இல்லை, எல்லாம் ஒட்டிவிட்டது. முன்கை எலும்பின் நுனியில் மட்டும் பாதி அழிந்த கோடு. அதுதான் கடைசியில் மூடுவது. "கொஞ்சம் மிச்சம் இருக்கு, எவ்வளவுன்னு உறுதி சொல்ல முடியாது" என்றாராம்.

தங்கச்சி பையில் உயரம் கூட்டும் பவுடர் டப்பா. மூடின எலும்பை எந்தப் பவுடரும் திறக்காது. சொன்னேன், முறைத்தது.

ஜூன் 8
மார்பளவு பார்த்தேன்: 80 செ.மீ. மூச்சை இழுத்தால் 84. காவலர் தேர்வுக்கு 81, விரித்தால் 5 கூட வேண்டும். இதற்கு எலும்பு தடையில்லை. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறான்.