ஷெர்வோய் கடல்ல ஓர்காவோட வேட்டை

நார்வேல டிரோம்சோல இருந்து இன்னும் வடகிழக்க போனா ஷெர்வோய்னு ஒரு சின்ன மீன்பிடி ஊர். நவம்பர்ல போனோம், மத்தியானமே இருட்ட ஆரம்பிச்சிடுது, மாசக் கடைசில இருந்து ஜனவரி நடு வரைக்கும் சூரியனே உதிக்காது. அந்த இருட்டுக் காலத்துலதான் ஹெர்ரிங் மீனுங்க கூட்டம் கூட்டமா இந்த ஃபியோர்டுகளுக்குள்ள, அதாவது மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள நுழையுற கடலுக்குள்ள, வந்து தங்குது, அதுங்க பின்னாடியே ஓர்காவும் (கொலைகாரத் திமிங்கலம்னு சொல்வாங்களே, அதுதான்) வருது.

கொஞ்ச தூரத்துல கடல்பறவைங்க ஒரே இடத்துல மொய்ச்சு கத்திட்டு இருந்துச்சு, அத பாத்ததும் படகோட்டி எஞ்சின அணைச்சிட்டாரு. அப்புறம்தான் துடுப்புங்க தெரிஞ்சுது, ஆண் ஓர்காவோட முதுகுத் துடுப்பு ஆறடி வரைக்கும் வளருமாம், கிட்டத்துல ஒரு ஆள் உயரத்துக்கு தண்ணிய கிழிச்சிட்டு வந்தப்ப எனக்கு பேச்சே வரல.

இதுங்க வேட்டையாடுற விதம் இருக்கே, அதுக்காகவே இவ்ளோ தூரம் போகலாம். ஹெர்ரிங் ஆழத்துல பெரிய கூட்டமா இருக்கும், மொத்தத்தையும் தொரத்துனா ஒண்ணும் கிடைக்காது, அதனால ஒரு சின்ன பகுதிய மட்டும் பிரிச்சு மேல ஓட்டிட்டு வருதுங்க. சுத்திச் சுத்தி வந்து, வெள்ளை வயித்த மீனுக்கு காட்டி, குமிழி விட்டு, நெருக்கி நெருக்கி ஒரு உருண்டையா ஆக்கிடும். அப்புறம் ஒண்ணு உள்ள போயி வாலால ஓங்கி ஒரு அறை, மயங்கின மீன ஒவ்வொண்ணா பொறுக்கித் தின்னும். அந்த நேரம் மத்ததுங்க வளையத்த விடாம காவல் காக்குது! யாராவது ஒருத்தர் அவசரப்பட்டா உருண்டை கலைஞ்சிடும், எல்லாருக்கும் பட்டினிதான். படகு ஓரமா குனிஞ்சு பாத்தா தண்ணி முழுக்க வெள்ளி வெள்ளியா செதில் மிதக்குது.

இதெல்லாம் பெரியவங்கள பாத்து குட்டிங்க கத்துக்குறது. அண்டார்டிகால சில ஓர்காங்க வரிசையா நீந்தி அலை எழுப்பி பனிக்கட்டி மேல இருக்குற சீல தள்ளி விடும், இங்க இருக்குறதுங்களுக்கு வால் அறைதான் தொழில். பசிபிக்ல சால்மன் தின்னுற ஓர்காங்கள பல வருஷமா கவனிச்சதுல, மீன் கம்மியான வருஷத்துல வயசான பாட்டிங்கதான் முன்னாடி போயி கூட்டத்துக்கு வழி காட்டுதுன்னு தெரிஞ்சிருக்கு. அப்போ ஒரு கிழவி போச்சுன்னா அதோட அனுபவமும் போயிடுது இல்லையா, எனக்கு அதுதான் மனசுல ரொம்ப தைச்சுது.

ஹெர்ரிங் எப்பவும் ஒரே இடத்துக்கு வராது, 1990கள்ல எல்லாம் தெற்க டிஸ்ஃபியோர்டு பக்கம்தான் குளிர்காலத்த கழிச்சுது, அது இடம் மாத்தினா ஓர்காவும் மாறணும், டூரிஸ்ட் படகும் தொரத்திட்டே போகும். உருண்டை கட்டிட்டு இருக்குறப்ப ஒரு படகு வேகமா குறுக்க வந்து, ஆளுங்க தண்ணில குதிச்சத பாத்தேன், ரெண்டு நிமிஷத்துல மீனும் இல்ல ஓர்காவும் இல்ல, அவ்ளோ நேரம் பட்ட பாடு மொத்தமா வீண். போறவங்க தயவுசெஞ்சு கம்மி ஆளுங்கள ஏத்துற, தள்ளி நின்னு எஞ்சின அணைக்கிற படகா கேட்டு விசாரிச்சு புக் பண்ணுங்க.