பத்தமடைப் பாய்க்கு ஒரே விலை

பத்தமடையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா கோரைப்பாய் நெய்கிறார். அவருக்குத் தில்லியின் கைவினைச் சந்தையான தில்லி ஹாட்டில் கடை எடுத்துக் கொடுக்க முடியுமா என்று ஊரில் கேட்டார்கள். தில்லி ஆர்.கே.புரத்தில் இருந்துகொண்டு, அலுவலகக் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவன் நான். முடியும் என்றேன்.

முதலில் வேண்டியது மத்திய ஜவுளி அமைச்சகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை. வியாபாரிக்கே நெய்து பழகிய அக்காவுக்கு அது தேவைப்பட்டதேயில்லை. ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்குப் புத்தகம் கொடுத்தோம். சரிபார்க்க வந்தவர் நெய்து காட்டச் சொன்னார், அதிலென்ன சிரமம்! கடை ஒதுக்கீட்டுக்குத்தான் காத்துக் கிடந்தோம். அங்கே கைவினைஞர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறுகிறார்கள்.

அடுத்தது வரி. ஜி.எஸ்.டி. என்றதுமே ஊரில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். உண்மையில், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் கைவினைப் பொருள் விற்பவர், வெளிமாநிலத்தில் விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பான் எண் போதும். ஆனால் சரக்கு மாநிலம் தாண்டும்போது, அதன் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில், அதாவது சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு வேண்டும். ரயிலில் வரும் சரக்கை இறக்கி எடுக்கும்போது அதைக் காட்ட வேண்டும். விதியைப் படித்து வைத்திருந்ததால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்த கட்டுகள் தில்லி நிஜாமுதீன் ரயில் நிலையத்தில் தேங்கவில்லை. இப்படிப்பட்ட விதிகளைத் துருவுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

கடையில் எல்லோரும் கையை வைத்தது, மெல்லிய கோரை இழையில் நெய்த பட்டுப்பாயில்தான். துணிபோல் மடிகிறதே, புல்லா இது என்று கேட்டுக் கேட்டு மாய்ந்தார்கள். வாங்கியதோ மேசை விரிப்பும் கைப்பையும். வீட்டில் கட்டில் இருக்கும்போது பாய் எதற்கு? இதை நான் முன்பே சொல்லியிருந்ததால், சிறு பொருட்களையே அக்கா அதிகம் கொண்டுவந்திருந்தார். பாதி விலைக்குக் கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்று முதல் நாள் திணறினார். பக்கத்துக் கடைக்காரர் ‘ஏக் தாம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். அதன்பின் ஒரே விலைதான். “தம்பி, இந்தி இவ்வளவுதானா?” என்றார்.

ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் கடையைப் பற்றிச் சொல்லி வைத்தது வேறு வகையில் பலித்தது. மயூர் விஹாரிலிருந்தும் கரோல் பாகிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து, மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு முன்பணம் கொடுத்தன. விற்பனையைவிட இந்த ஆர்டர்கள்தான் ஊருக்குப் பெரிது என்று நினைக்கிறேன். பணம் அக்காவின் கணக்குக்கே வந்ததால், கோரை கிழிப்பவர்களுக்கும் சாயம் தோய்ப்பவர்களுக்கும் உடனே கூலி கொடுக்க முடிந்தது. முன்பெல்லாம் வியாபாரி கொடுத்தால்தான் அவர்களுக்கும்.

நல்ல பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்காகும். முகூர்த்த தேதி காத்திருக்காது. அதனால் ஆர்டர்களை அக்கா தெருவில் உள்ள மற்ற தறிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அவர்களும் அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோடையில் கடை கேட்காதீர்கள். தில்லி வெயிலில் ஹாட்டுக்கு ஆள் வருவதில்லை.