ஆறேகால் மணிக்கு மேல் வானம் கிடையாது: சென்னை கிறிஸ்துமஸ் விளக்குகளைப் படம் எடுத்த கதை

டிசம்பர் 5

போன வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சென்னையைச் சுற்றி எடுத்த படங்களை நேற்று ராத்திரி திரும்பப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் இருக்கும். எல்லாமே மையிருட்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி. எது சாந்தோம், எது பெசன்ட் நகர் என்று எடுத்த எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவிடம் ஒன்றைக் காட்டினேன். "தீபாவளியா இது?" என்றாள்.

இந்த டிசம்பரில் அதையே ஒழுங்காகச் செய்து பார்ப்பதாக உத்தேசம். கையில் இருப்பது பழையதாக வாங்கிய ஒரு டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு கால் ஆடும் ட்ரைபாட். ஆபீசில் மூன்று வாரத்துக்குக் காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான்கு மணிக்குக் கிளம்பிவிடலாம். ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட நண்பனுக்கு ஒரு பிளம் கேக் கடன்.

டிசம்பர் 7

முதலில் ஒரு மால். கூரை இருக்கிறது, மழைக்குப் பயமில்லை. நடுக்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு மரம் வைத்திருந்தார்கள். ட்ரைபாடை விரித்ததுமே காவலாளி வந்துவிட்டார். "செல்லுல எடுங்க சார், ஸ்டாண்டு போடக் கூடாது." சரி என்று மடக்கி வைத்துவிட்டுக் கையிலேயே பிடித்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே குழப்பம். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில், ஒன்றில் மரத்தின் இடது பக்கம் முழுக்க எரிகிறது, மற்றதில் அதே பக்கம் இருட்டு. அங்கே நின்றபோது கண்ணுக்கு அப்படி எதுவுமே தெரியவில்லை. படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி சரங்கள் பல, ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம்தான் எரிகின்றன, மீதிப் பாதியில் அணைந்துவிடுகின்றன. எரிவதையும் அணைவதையும் கண் சேர்த்துப் பார்த்துவிடும், கேமரா சேர்க்காது. நான் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/250, அதாவது ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரம்தான் கேமரா திறந்திருக்கும். ஒரு சரம் அணைந்திருக்கும் பாதியில் ஷட்டர் திறந்து மூடினால் அது படத்திலேயே இல்லை. 1/50-க்கு இறக்கினால் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும்.

பால்கனிக் கம்பியில் ஒரு சீரியல் செட்டைச் சுற்றிச் சோதித்தேன். 1/250-இல் கண்ணாமூச்சி, 1/50-இல் எல்லாப் பல்பும் ஆஜர். மாலுக்கு இனி போவதாக இல்லை. குழந்தைகளோடு போனால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே நின்றால் எந்த ஊர் என்றே தெரியாது.

டிசம்பர் 14

சாந்தோம். இந்த முறை எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் போனேன். அதனால்தான் சொதப்பியது.

இப்போது நிற்கும் பேராலயம் 1896-இல் கட்டி முடித்தது. கோபுரம் 155 அடி, முழுக்க வெள்ளை. வெள்ளைச் சுவரில் பெரிய விளக்கு அடித்தால் கேமராவின் ஆட்டோ ஏமாந்துபோகிறது. சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி, கோபுரத்தைத் தோசை மாவு வழிந்த மாதிரி ஆக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் நானே வைக்கும் மேனுவலுக்கு மாற்றியதும் அது சரியாகிவிட்டது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்வு) 400, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறிசு) 8, ஒரு நொடி.

சரியாகாதது வானம். நான் போய்ச் சேர்ந்ததே ஆறு இருபதுக்கு. கோபுரத்துக்குப் பின்னால் கன்னங்கரேல். போன வருஷத்துப் படங்களில் இருந்த வியாதி இதுதான் என்று அங்கேதான் உறைத்தது. விளக்குக்கும் இருட்டுக்கும் நடுவில் கொஞ்சம் நீலம் இருந்தால்தான் கோபுரத்துக்கு விளிம்பு கிடைக்கிறது, மரத்துக்கு இலை கிடைக்கிறது. டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்கால் சுமாருக்குச் சூரியன் மறைகிறது. அந்த நீலம் ஆறு மணிக்கு வந்து ஆறேகாலுக்குப் போய்விடும். நாம் வெயில் கால ஞாபகத்தில் அந்தி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சாந்தோமில் இன்னொரு சிக்கல். நெடுஞ்சாலையில் நின்று கோயிலைப் பார்த்தால் நாம் பார்ப்பது கிழக்கு, கோயிலுக்குப் பின்னால் கடல். சாயங்காலத்தில் முதலில் இருட்டும் பக்கமே அதுதான். ஐந்து ஐம்பதுக்கே வந்திருந்தாலும் மேற்கே கிடைக்கிற அளவு வானம் இங்கே கிடைத்திருக்காது. பஸ் ஒன்று குறுக்கே போன படம் மட்டும் பரவாயில்லை. சிவப்புக் கோடு ஒன்று நீளமாக விழுந்திருக்கிறது.

ஒரு மாலைக்கு ஓர் இடம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ராத்திரியில் பைக்கில் ஐந்து கோயில் சுற்றுவது பார்ப்பதற்குச் சரி, படத்துக்கு ஆகாது.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தாயிற்று. மயிலாப்பூரில் இந்த வாரம் நடப்பதே ஒரு சுகம். ஒரு வாசலில் கோலத்தில் சாணி உருண்டையும் பூசணிப்பூவும், இரண்டு வீடு தள்ளி மாடியில் சிவப்பு ஸ்டார். சபாவிலிருந்து வெளியே வரும் பட்டுப்புடவைகள்.

போனது லஸ் கோயிலுக்கு. பேர்தான் லஸ் சர்ச் ரோடு, கோயில் சட்டென்று கண்ணில் படாது. 1516-இல் போர்த்துகீசியர் கட்டியது, சென்னையில் இருக்கும் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. அப்போது இங்கே காடாம், அதனால் காட்டுக்கோயில் என்றும் பெயர். கடலில் வழி தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டே கரையேறி நடந்து வந்து, வெளிச்சம் மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்பது கதை. லஸ் என்றால் போர்த்துகீசிய மொழியில் வெளிச்சம். எத்தனை வருஷமாக 'லஸ் கார்னர் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருக்கும் என்று தோன்றியதில்லை.

ஐந்தரைக்கே போய்விட்டேன். கோயில் சின்னது என்பதால் அலங்காரமும் அடக்கம்: முகப்பின் விளிம்பில் ஒற்றை வரிசைச் சரம், வாசலில் ஒரு ஸ்டார், மரத்தைச் சுற்றிக் கொஞ்சம். ஆறு ஐந்துக்கு நீலம் சரியாக அமைந்தது. படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து 3200 கெல்வினுக்கு மாற்றினேன். பல்பின் மஞ்சள் அடங்கி, வானம் இன்னும் ஆழமான நீலமாயிற்று. பதினோரு படம் எடுத்தேன், நான்கு தேறியது. அம்மா இதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. போனை வாங்கித் தன் அக்காவுக்கு அனுப்பினாள்.

டிசம்பர் 18

பெரம்பூர். சென்ட்ரலில் மின்சார ரயில் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். ரயில்வே பட்டறையும் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இருக்கிற பகுதி, அதை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த தெருக்கள். லூர்து அன்னை திருத்தலம் பிரான்சில் இருக்கும் லூர்து ஆலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. அதைப் படம் எடுக்கத்தான் கிளம்பினேன். மழை பிடித்துக்கொண்டது.

ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கினேன். எதிரே சின்னத் தேவாலயம் ஒன்று. கோபுரத்தில் ஏணி சாத்தி, அந்த மழையிலும் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் சரம் கட்டிக்கொண்டிருந்தார். தூறல் விட்டதும் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, எத்தனை மணிக்கு லைட் போடுவீங்க?"

"பூசை முடிஞ்சு ஆறரைக்கு. ஏன் தம்பி?"

வானம், நீலம், ஆறேகால் என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். "இன்னைக்கு டெஸ்டிங்தானே, அஞ்சு ஐம்பதுக்கே போட்டு விடறேன்" என்றார். போட்டும் விட்டார். போன மாதம் இதே சரங்கள் கல்யாண மண்டபத்தில் இருந்தனவாம், பொங்கல் முடிந்ததும் அம்மன் கோயிலுக்குப் போகின்றனவாம். "பல்பு அதேதான். ஷேப்புதான் மாறும்."

கோபுரத்தில் இருந்தது ரன்னிங் செட். கீழிருந்து மேலே பச்சை ஓடும், மேலிருந்து கீழே சிவப்பு இறங்கும். மூன்று நொடி திறந்து வைத்து எடுத்தேன். எல்லாப் பல்பும் ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி, பளிச்சென்று வந்தது. பெருமையாகக் காட்டினேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடுறது தெரியலையே தம்பி. ஓட வைக்கத்தானே ஒரு நாள் பூரா உக்காந்து செட் பண்ணேன்."

அவர் சொன்னது நியாயம். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றி, எஃப் 4-க்குத் திறந்து, 1/50-இல் பத்து எடுத்தேன். பச்சை பாதிக் கோபுரத்தில் நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. படத்தில் மணல் தூவிய மாதிரி கொஞ்சம் புள்ளி தெரிகிறது, ஆனால் ஓடுகிறது. அதைக் காட்டியதும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

திரும்பும்போது தெருக்களில் ஸ்டார்களை எண்ணினேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். காகித ஸ்டார்களுக்குப் பாலிதீன் பை மாட்டி நூலால் கட்டியிருக்கிறார்கள். டிசம்பர் மழை தெரிந்த ஜனங்கள். சில வீட்டில் எல்இடி ஸ்டார், அதற்கு மழை பயமில்லை, அழகும் கொஞ்சம் கம்மி. மூங்கில் சிம்பைக் கட்டிக் கலர்த்தாள் ஒட்டி வீட்டில் செய்தது ஒன்றே ஒன்று பார்த்தேன். ஒரு மூலை கோணல், உள்ளே பழைய குண்டு பல்பு. அதன் கீழே தேங்கிய மழைத்தண்ணீரில் அது தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. ட்ரைபாடைத் தரையோடு தரையாக வைத்து எடுத்தேன். இந்த மாதத்தில் இதுவரை எனக்குப் பிடித்த படம் அதுதான்.

அந்த வீட்டுத் திண்ணையிலேயே குடில். வைக்கோல் கூரை, ஆட்டிடையர், ஒரு பிளாஸ்டிக் டைனோசர். தொட்டில் மட்டும் காலி. 24 ராத்திரிதான் பாலன் இயேசுவை வைப்பார்கள் என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். டைனோசர் பேரன் உபயம்.

லூர்து அன்னை திருத்தலம் எடுக்கவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வானம் முடிந்துவிட்டது.

டிசம்பர் 20

பரங்கிமலை. கருங்கல் படி ஏறி மேலே போனால் 1523-இல் கட்டிய கோயில். அந்தப் படிகளைப் போட்டுக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர், 18ஆம் நூற்றாண்டில். இங்கே கோயில் அலங்காரத்தைவிட ஊரே அலங்காரம். விமான நிலையத்து ஓடுபாதை விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. இறங்கும் விமானத்தை முப்பது நொடி திறந்து வைத்து எடுத்தால் ஒரே கோடு. மேற்கே ஆறு இருபது வரைக்கும் வெளிச்சம் இருந்தது. ஆடுகிற கால் காற்றில் நன்றாகவே ஆடியது. எட்டில் ஒன்று தேறியது.

டிசம்பர் 22

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில். கூட்டம், கடல் காற்று, லென்ஸ் மேல் உப்புப் படலம். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பஞ்சு ஒட்டிய மாதிரி வந்திருக்கிறது. சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு இல்லை. சோளம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நேற்று பகலில் எழும்பூர் பக்கம் ஒரு வேலை. அப்படியே செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் நுழைந்தேன். 1821-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது. குவிமாடத்தின் உட்புறம் கரு நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள் வரைந்திருக்கிறார்கள். வயர் கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது, இருநூறு வருஷக் கட்டடம். கேமராவை வெளியே எடுக்கவில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

டிசம்பர் 25

இது இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த யோசனை. சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் கிழக்கு. சாயங்காலம் முதலில் இருட்டுவது கிழக்கு என்றால், காலையில் முதலில் வெளுப்பதும் அதுதானே? நள்ளிரவுத் திருப்பலி இருக்கும் ராத்திரி விளக்குகளை உடனே அணைத்துவிட மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

நாலரைக்கு அலாரம். அம்மா ஏற்கெனவே எழுந்து வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "திருப்பாவைக்குக் கிளம்புற மாதிரி சாந்தோமுக்குப் போறான் பார்" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிச் சிரித்தாள். ஐந்தரைக்கு நெடுஞ்சாலையில் நின்றேன். கூட்டம் கலைந்திருந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் இரண்டு பேர் பேப்பர் தட்டுகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ஐந்து ஐம்பதுக்குக் கோபுரத்துக்குப் பின்னால் நீலம். ஆறு மணிக்கு அடியில் ஒரு மெல்லிய ஆரஞ்சு, கடல் மட்டத்தில். வெள்ளைக் கோபுரம், மஞ்சள் சரங்கள், மேலே நீலம், கீழே ஆரஞ்சு. கேமராவில் எதையும் மாற்றவில்லை, 14ஆம் தேதி வைத்த அதே ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஒரு நொடி. இருபத்து மூன்று படம் எடுத்தேன். ஆறு எட்டுக்கு உள்ளே யாரோ மெயினை அணைத்துவிட்டார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருக்கலாம்.

எதிரில் டீக்கடை திறந்திருந்தது. படங்களை அங்கேயே உட்கார்ந்து தள்ளிப் பார்த்தேன். மூன்று ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 வரை குடில்களும் ஸ்டார்களும் இருக்கும். அதற்குள் ராயபுரம் போக வேண்டும், பெரம்பூர் திருத்தலம் பாக்கி, ட்ரைபாட் காலுக்கு ஒரு ஸ்க்ரூ வாங்க வேண்டும். கேக்கை இன்று சாயங்காலமே கொடுத்துவிடுவேன்.