தொட்டா சுடாத 5 வாட்

ஹாம் ரேடியோவுல மோர்ஸ் அனுப்ப நான் மொதல்ல கட்டின 5 வாட் ஆம்ப்ளிஃபையர் கிளாஸ் சிங்கற வகை, மோர்ஸ் கீயை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சா ட்ரான்சிஸ்டர் மேல விரல் வைக்க முடியாது. பெரிய ஹீட் சிங்க் மாட்டிப் பாத்தேன், சூடு பரவுச்சே தவிர குறையல, 12 வோல்ட்ல 0.75 ஆம்பியர் இழுத்துது, அதாவது உள்ள போன 9 வாட்ல 4 வாட் சும்மா சூடா போச்சு. பேட்டரில ஓட்டுறவங்களுக்கு இது எவ்ளோ வயித்தெரிச்சல்னு தெரியும்.

அப்புறம்தான் கிளாஸ் ஈங்கற இன்னொரு வகை ஆம்ப்ளிஃபையர் பக்கம் வந்தேன். நேதன் சோகல், ஆலன் சோகல் ரெண்டு பேரும் 1975ல எழுதின விஷயம், யோசிக்க யோசிக்க அவ்ளோ அழகா இருக்கு. ட்ரான்சிஸ்டர்ல வோல்டேஜும் இருந்து கரண்டும் ஓடினாத்தான் சூடு, அதனால மாஸ்ஃபெட்டை (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) சுவிட்ச் மாதிரி ஓட்டி, அது ஆன் ஆகும்போது டிரெயின் (சப்ளையும் அவுட்புட்டும் சேர்ற கால்) வோல்டேஜ் தானாவே பூஜ்யத்துக்கு வந்து நிக்கிற மாதிரி அவுட்புட் சர்க்யூட்டை அமைக்கணும். வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வராம இருக்கறப்ப ஆன் ஆச்சுன்னா, டிரெயின்லேர்ந்து கிரவுண்டுக்கு இருக்கற கபாசிட்டர்ல இருக்கற சார்ஜ் மொத்தமும் மாஸ்ஃபெட் உள்ளயே எரியும், 7 மெகாஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 70 லட்சம் தடவை!

கணக்கு சின்னதுதான். மாஸ்ஃபெட்டுக்குத் தெரிய வேண்டிய லோட் ரெசிஸ்டன்ஸ் = 0.577 × வோல்டேஜ் ஸ்கொயர் ÷ வாட், எனக்கு 16.6 ஓம் வந்துது, அதை ஆன்டெனா பக்கத்து 50 ஓமுக்கு ஏத்த ஒரு எல் மேட்ச் (ஒரு காயில், ஒரு கபாசிட்டர்), பின்னாடி ஹார்மோனிக்ஸை வடிகட்ட லோ பாஸ் ஃபில்டர். டிரெயின் கபாசிட்டர் சுமார் 250 பிக்கோஃபாரட். இங்கதான் கோட்டை விட்டேன், பிஎஸ்170ங்கற மாஸ்ஃபெட் மூணை பேரலல்ல போட்டிருந்தேன், அதுங்களோட சொந்த கபாசிட்டன்ஸைக் கழிக்காம முழு 250ஐயும் வச்சுட்டேன். ஆசிலோஸ்கோப்ல பாத்தா டிரெயின் அலை ஏறி இறங்கி வந்து தரையைத் தொடறதுக்குள்ள செங்குத்தா வெட்டி விழுது. கபாசிட்டரைக் குறைச்சேன், டாராய்டுல (காயிலோட வளையம்) சுத்தின கம்பியை நகத்தால கொஞ்சம் நெருக்கி கொஞ்சம் விலக்கி பாத்துட்டே இருந்தேன், ஒரு இடத்துல அந்த வெட்டு மறைஞ்சு அலை வழுக்கிட்டே வந்து தரையில படுத்துச்சு பாருங்க, அப்படியே மீட்டரும் 0.47 ஆம்பியருக்கு இறங்கிடுச்சு. ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டின டம்மி லோட்ல அதே 5 வாட். விரல் வச்சா வெதுவெதுன்னு இருக்கு, அவ்ளோதான்.

இது எஸ்எஸ்பிக்கு (பேச்சு அனுப்பற முறை) ஆகாது, லீனியர் இல்ல, சிடபிள்யூவுக்குத்தான் (மோர்ஸ்). டிரெயின்ல சப்ளையை விட 3.56 மடங்கு பீக் வரும், 12க்கு 43 வோல்ட், பிஎஸ்170 60 வரை தாங்கும், ஆனா ஆன்டெனா மேட்ச் சரியில்லன்னா பீக் இன்னும் ஏறலாம். அதை விட முக்கியம், கீயை விட்டதும் கேட் (மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் பண்ற கால்) கண்டிப்பா லோவுக்கு வரணும். எனக்கு ஹைலயே நின்னு, சோக் (டிரெயினுக்கு சப்ளை கொடுக்கற காயில்) வழியா சப்ளை நேரா ஷார்ட் ஆகி மூணு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்துல போச்சு. இப்ப கேட்டை ஓட்டுற டிரைவர் ஐசி சர்க்யூட்டைத் திருத்தி, கேட்லேர்ந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒண்ணும் போட்டு, கரண்ட் லிமிட் வச்ச சப்ளைலதான் மொதல் தடவை ஆன் பண்றேன்.